லாக்கர் பொருத்தும்போது இறுகிப்போன அச்சு உறுப்புகளைக் கழற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் வால்பாறை எஸ்டேட் பாதைகளுக்கும் பழைய ஜீப்பையோ ஜிப்ஸியையோ ஓட்டுபவர்கள், சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைப் பார்த்துச் சலித்து, பின் அச்சில் லாக்கர் பொருத்த முடிவு செய்வது வழக்கமாகிவிட்டது. லாக்கரை உள்ளே வைப்பது அரை நாள் வேலைதான். முப்பது நாற்பது ஆண்டுகளாகத் திறக்கப்படாத அச்சு அதற்கு வழிவிட மறுப்பதுதான் மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளைப் பற்றியே இங்குள்ள கேள்விகள் பெரும்பாலும் அமைந்திருக்கின்றன.

லாக்கர் என்ன செய்கிறது? அதற்காக இத்தனை உறுப்புகளை ஏன் கழற்ற வேண்டும்?

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால், அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. ஆனால் அது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும் என்பதால், ஒரு சக்கரம் வழுக்கும் சேற்றில் நின்றால் பிடிமானமுள்ள மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கிறது. லாக்கர் இரு அச்சுத் தண்டுகளையும் தேவைப்படும்போது ஒன்றாகப் பூட்டிவிடுகிறது.

வீட்டில் பொருத்தக் கூடியது பெரும்பாலும், டிஃபரென்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களான ஸ்டார் பினியன்களையும் அவற்றோடு இணையும் பக்கவாட்டுப் பற்சக்கரங்களையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும் எளிய வகைதான். காற்றழுத்தத்தால் இயங்கும் வகைக்கும், முழுக் கூட்டையே மாற்றும் வகைக்கும், கூட்டைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலையும் பேரிங்கையும் மாற்றிப் பொருத்தி இடைவெளியைப் புதிதாக அளந்து அமைக்க வேண்டும். முதல் முறை செய்பவர் அதை வீட்டில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த வகையானாலும் அச்சுத் தண்டுகள் வெளியே இழுக்கப்பட வேண்டும். அதற்குப் பிரேக் டிரம் கழல வேண்டும். சில வண்டிகளில் சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பும் கழல வேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஏதோ ஒன்று இறுகியிருக்கும்.

நம் பகுதி வண்டிகளில் மட்டும் அச்சு இப்படி இறுகுவதற்குக் காரணம் உண்டா?

துரு எல்லா ஊருக்கும் பொதுவானது. ஆனால் நாம் வண்டியைப் பயன்படுத்தும் விதம் அதற்குத் துணை செய்கிறது. உர மூட்டையும் கோழி எருவும் ஏற்றிய வண்டியின் அடிப்பகுதியில் படியும் தூள், ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும் உப்புக் கரைசலாகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் வண்டியைக் கழுவுகிறோம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் வண்டியை அப்படியே இறக்கிவிடுவோரும் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எண்ணெய் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்; அச்சின் மேலுள்ள காற்றுப் போக்கி களிமண்ணால் அடைபட்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

துருவைப் பற்றி ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகுகிறது. ஆகவே இடைவெளியில் உண்டான துரு ஆப்பு அடித்ததுபோல இரு உறுப்புகளையும் நெருக்குகிறது. அதை இழுத்து வெல்ல முயல்வதைவிட, சிறிது சிறிதாக அசைத்துப் பொடியாக்குவதே வழி.

எந்த உறுப்பு வராவிட்டாலும் பெரிய சுத்தியலை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்த உறுப்பைப் பிடித்திருப்பது எது? துருவா, நெருக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்ட இறுக்கமா, கூம்பு வடிவப் பொருத்தமா, மரையில் பூசிய பசையா, அல்லது நாம் கழற்ற மறந்த ஒரு பூட்டா? துருவுக்கு எண்ணெயும் அதிர்வும் வேண்டும். அழுத்திப் பொருத்தியதற்குப் பிரஸ்ஸோ வெப்பமோ வேண்டும். கூம்புக்கு, திருகி இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் வேண்டும். பசைக்கு நீண்ட கம்பியின் சீரான விசையோ வெப்பமோ வேண்டும். மறந்த பூட்டுக்கு எந்தச் சுத்தியலும் உதவாது. அது உறுப்பை உடைத்துவிட்டுத்தான் தன்னைக் காட்டும். நான் பார்த்தவரை, வீட்டில் உடைபட்ட உறுப்புகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தாவது வகையில் சிக்கியவையே.

வேலையைத் தொடங்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் டிஃபரென்ஷியலில் எண்ணெய் ஊற்றும் அடைப்பானைத் திறந்து பாருங்கள். எண்ணெயை வடிக்கும் கீழ் அடைப்பான் அல்ல. ஊற்றும் மேல் அடைப்பான். எண்ணெயை முழுதும் வடித்துவிட்ட பிறகு மேல் அடைப்பான் திறக்கவில்லை என்று தெரிந்தால், வண்டி இருந்த இடத்தைவிட்டு நகராது. சதுரக் குழி உள்ள அடைப்பானாக இருந்தால், குழிக்குள் சேர்ந்த மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவுள்ள சதுரக் கம்பியை அடி வரை இறக்கி, அதன் தலையில் சுத்தியலால் நான்கைந்து முறை நேராக அடித்த பின்னரே திருப்ப வேண்டும். குழி வழவழத்துப் போயிருந்தால் ஒரு பெரிய நட்டை அடைப்பானின் மேல் பற்றவைத்துத் திருப்புவதே இறுதி வழி.

அடுத்து, வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் மாலையில், தொடப்போகும் ஒவ்வொரு நட்டின் அடியையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள். ஓட்டத்தின் அதிர்வு எண்ணெயை மரைக்குள் இறக்கும் என்பதால், அந்த வாரம் முழுவதும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது நல்லது. பிரேக் ஷூவின் மேல் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, சட்டத்தின் கீழ் இரண்டு உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக்கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வைப்பது அதைவிட மோசமானது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இறுகிய உறுப்பைக் கழற்றும்போது நாம் வண்டியைக் குலுக்குகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? மண்ணெண்ணெய் போதுமா?

கடையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரேக்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. மண்ணெண்ணெயும் டீசலும் மெதுவாக வேலை செய்யும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவு கலந்து பயன்படுத்துவோர் உண்டு. அது நன்கு ஊடுருவும், ஆனால் இரண்டும் நிலையாகக் கலந்து நிற்பதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் மிக எளிதில் தீப்பிடிக்கும். அதைப் பூசிய இடத்தில் அன்றைக்கு நெருப்பை நெருங்கவிடக் கூடாது.

நம் ஊரில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பஞ்சமில்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்குவதால், மார்கழிக் காலையில் நட்டின் மேல் வெண்மையாகப் படிந்து நிற்கும்.

மெழுகு ஒரு நல்ல துணை. நட்டைச் சூடேற்றி, சற்று ஆறத் தொடங்கும்போது மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் இழுக்கப்படும்.

சக்கர நட்டே கழலவில்லை. என்ன செய்வது?

வண்டி பழைய வில்லிஸ் மரபு ஜீப்பாக இருந்தால், நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். அந்த ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை வைக்கப்பட்டது. அங்கே நாம் வழக்கமாகக் கழற்றும் திசை, இறுக்கும் திசையாகிவிடும். ஸ்பேனரின் மேல் இரண்டு பேர் ஏறி நின்று, நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட்டை முறித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது வருத்தமானது.

டிரம் சுழல்கிறது, ஆனால் வெளியே வரவில்லை.

சுழல்கிறது என்றால் அதை முழுதாகப் பிடித்திருப்பது துரு அல்ல. தேய்ந்த டிரம்மின் உள் விளிம்பில் ஒரு வரப்பு உண்டாகியிருக்கும். பிரேக் ஷூ அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். கைப்பிரேக்கை விடுவித்து, பின் தட்டிலுள்ள சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, ஷூக்களை உள்ளே வாங்க வேண்டும். அதன் பின்னும் வராவிட்டால், நடுவில் டிரம்மும் அச்சின் தட்டும் தொடும் வளையத்தைச் சுற்றித் துரு எண்ணெய் விட்டு, ஸ்டட்டுகளுக்கு இடையே உள்ள முகப்பில் மட்டும் சுத்தியலால் தட்டிச் சுற்றி வர வேண்டும். டிரம்மின் வெளி விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். பல டிரம்களின் முகப்பில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் டிரம் தானே தள்ளிக்கொண்டு வரும்.

பழைய ஷூக்களின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பழைய ஜீப்பின் பின் ஹப் எதற்கும் அசையவில்லை. சுத்தியலால் அச்சின் முனையில் அடிக்கலாமா?

அடிக்கக்கூடாது. இந்தக் கேள்வி நீண்ட பதிலுக்குரியது. ஏனென்றால் இப்பகுதியில் இந்த வேலையில் கெட்டுப்போகும் உறுப்புகளில் இதற்கே முதலிடம்.

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த மரபில் வந்த சிஜே3பி போன்ற ஜீப்புகளின் பின் அச்சுத் தண்டு, வெளி முனையில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். ஹப்பின் துளையும் அதே கூம்பு. இடையில் ஒரு சாவிக் கட்டை. முனையில் பெரிய நட்டு. அதன் குறுக்கே ஸ்பிளிட் பின். நட்டை இறுக்கும்போது ஹப் கூம்பின் மேல் ஏறி இறுகுகிறது. துரு ஒரு துளியும் இல்லாத அச்சிலும்கூட நட்டை எடுத்தவுடன் ஹப் வராது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் திறக்கும்போது, ஹப்பும் அச்சும் ஒரே வார்ப்போ என்று தோன்றும்.

அச்சின் முனையில் அடித்தால் மூன்று கேடுகள் நேரும். முனை காளான்போல விரிந்து மரை நசுங்கும். அந்த அடி தண்டு வழியாக உள்ளே சென்று பேரிங்குகளில் தழும்பு உண்டாக்கும். மேலும் இந்த அச்சுகளில் இரு தண்டுகளின் உள் முனைகளுக்கும் நடுவே ஒரு தாங்கு கட்டை இருப்பதால், அடி அதன் மேலும் விழும். என் முதல் ஜீப்பில் நான் இதையே செய்தேன். பெரிய சுத்தியலும் இளம் வயதும் இருந்தன, புல்லர் இல்லை. நசுங்கிய மரையோடு தண்டை லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அச்சுல அடிச்சா ஹப் எப்படீங் வரும்? ஹப்பைத் தானுங்க இழுக்கோணும்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை.

இழுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி புல்லர். மூன்று கால்களால் டிரம்மின் விளிம்பைப் பிடிக்கும் சாதாரணப் புல்லர் டிரம்மை வளைத்துவிடும். ஹப்பின் சக்கர ஸ்டட்டுகளில் மாட்டும் புல்லர்தான் வேண்டும். கோவையிலோ பொள்ளாச்சியிலோ உள்ள ஏதேனும் ஒரு லேத் பட்டறையில் 20 மி.மீ. கனமுள்ள தட்டில் ஐந்து துளையிட்டு, நடுவில் பெரிய மரைத் துளையும் அதற்கேற்ற நெடிய போல்ட்டுமாகச் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் ஐந்து ஸ்டட்டுகள் 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருப்பதால், ஒரு முறை செய்த தட்டு நண்பர்கள் வட்டத்தில் பல வண்டிகளுக்கு ஆகும்.

அச்சின் நட்டை முழுதும் கழற்றாமல், நான்கைந்து மரை விட்டு, முனையோடு சமமாக நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அது மரையையும் காக்கும். ஹப் விடுபடும்போது உங்கள் காலில் வந்து விழாமலும் காக்கும். தட்டை ஸ்டட்டுகளில் நட்டுப் போட்டு இறுக்கி, நடு போல்ட்டை வலுவாக முறுக்கியபின், அந்தப் போல்ட்டின் தலையில் ஒரு நல்ல அடி கொடுங்கள். போல்ட் ஏற்கெனவே ஹப்பை இழுவையில் வைத்திருப்பதால் இந்த அடி முன்னே சொன்ன அடி அல்ல. கூம்பின் பிடியை உதறிவிடும் அதிர்வு மட்டுமே. மீண்டும் முறுக்கி மீண்டும் ஒரு அடி. வராவிட்டால் அப்படியே இறுக்கத்தில் விட்டுவிட்டு இரவு உறங்கச் செல்லுங்கள். நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததுபோல ஓசை கேட்டால், ஹப் வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது வழிக்குப் புல்லர் தேவையில்லை. நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, ஸ்பிளிட் பின்னை மீண்டும் மாட்டி, சக்கரத்தையும் பொருத்தி, வண்டியைக் களத்திலோ வெற்று நிலத்திலோ மிக மெதுவாக எட்டு வடிவில் ஓட்டி, அவ்வப்போது இலேசாகப் பிரேக் பிடிக்க வேண்டும். வண்டியின் எடையே கூம்பை உதறிவிடும். சாலைக்குப் போகக்கூடாது. ஸ்பிளிட் பின் இல்லாமல் இதைச் செய்தால், சக்கரம் உங்களுக்கு முன்னே ஓடும்.

ஜிப்ஸியின் பின் அச்சுத் தண்டை இழுக்க முடியவில்லை.

1985 முதல் வந்த ஜிப்ஸியில் கூம்பு கிடையாது. தண்டின் முனையே தட்டையாக விரிந்து சக்கர ஸ்டட்டுகளைத் தாங்குகிறது. தண்டோடு பேரிங்கும், பேரிங்கைக் காக்கும் வளையமும், பிரேக்கின் பின் தட்டும் சேர்ந்தே வெளிவரும். ஆகவே பின் தட்டின் நட்டுகள் மட்டுமல்லாமல், பிரேக் குழாயும் கைப்பிரேக் கம்பியும் கழன்றிருக்க வேண்டும். மறந்த பூட்டு என்று முன்னே குறிப்பிட்டது இதைத்தான். பிரேக் குழாயின் நட்டு மென்மையானது; வாய் திறந்த சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனைகள் வழவழத்துவிடும். குழாய் நட்டுக்கென்று உள்ள, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள்.

இப்போதும் வராவிட்டால் பேரிங்கின் வெளி வளையம் அச்சுக் குழாயில் துருவால் ஒட்டியிருக்கிறது. கம்பியில் சறுக்கி மோதி இழுக்கும் எடையான ஸ்லைடு ஹாமர் இல்லையென்றால் கழற்றிய பிரேக் டிரம்மையே பயன்படுத்தலாம். டிரம்மைத் திருப்பி, உள்பக்கம் வெளியே தெரியும்படி ஸ்டட்டுகளில் மாட்டி, நட்டுகளை நுனியில் மட்டும் ஏற்றி, இடையே நான்கைந்து விரற்கடை ஆட்டம் இருக்குமாறு வைத்து, இரு கைகளாலும் டிரம்மை வெளிப்புறம் வெடுக்கென்று இழுத்தால், அது நட்டுகளில் மோதும் அடி தண்டை இழுக்கும். ஸ்டட் குட்டையாக இருந்தால் நீளமான நட்டோ கம்பியோ சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் ஒருமுறை தண்டைக் கால் சுற்றுச் சுழற்றுங்கள்.

வெளியே எடுத்த தண்டிலிருந்து பேரிங்கையும் வளையத்தையும் எடுக்க வேண்டுமா?

லாக்கருக்காக எடுக்க வேண்டியதில்லை. சீல் கசிந்தாலோ பேரிங் கரகரத்தாலோ மட்டும் எடுங்கள். அப்போது வளையத்தைப் பிரஸ்ஸில் தள்ள முயலாமல், எதிரெதிரான இரண்டு இடங்களில் கிரைண்டரால் தண்டைத் தொடாத அளவுக்குத் தேய்த்து, உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் அது பிளந்துவிடும். தண்டில் கிரைண்டர் பட்டால் அந்தக் கீறலிலிருந்தே பின்னாளில் தண்டு முறியும். பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளும்போது பழைய சாக்கு ஒன்றால் சுற்றி மூடிவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கெட்டிப்படுத்திய எஃகு உடையும்போது சிதறும்.

டிஃபரென்ஷியல் கூடு அச்சுக் கூட்டிலிருந்து வரவில்லை.

ஜிப்ஸியில் டிஃபரென்ஷியல் முழுதும் ஒரே தொகுதியாக முன்புறமாகக் கழலும். இரு தண்டுகளும் போதிய அளவு வெளியே இழுக்கப்பட்டு, எல்லா நட்டுகளும் எடுக்கப்பட்ட பின்னும் வராவிட்டால், பிடித்திருப்பது முன்பு யாரோ தாராளமாகப் பூசிய சீலன்ட் பசைதான். கட்டையை வைத்துத் தட்டினால் விடும். இரு உலோக முகங்களுக்கு இடையே ஸ்குரூ டிரைவரை நுழைத்தால், அந்தக் கீறல் வழியே எண்ணெய் என்றென்றும் கசியும்.

பின்புற மூடியுள்ள ஜீப் அச்சில் கதை வேறு. அங்கே பேரிங்குகள் வேண்டுமென்றே சற்று அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. முதலில் இரு பேரிங் மூடிகளையும், எது எந்தப் பக்கம், எந்த முனை மேலே என்று புள்ளிக் குத்தியால் குறியிடுங்கள். அவை பொருத்திய நிலையிலேயே துளை கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் கெடும். பிறகு திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி, கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் பினியனுக்கும் இடையே கொடுத்து, பினியனை ஸ்பேனரால் மெதுவாகச் சுழற்றினால், துணி கடிபட்டுக் கூடு தானே வெளியே உருண்டு வரும். ஒருவர் சுழற்ற, ஒருவர் கூட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்யும் வேலை அல்ல. அச்சுக் கூட்டை விரிக்கும் கருவி கிடைத்தால் அது சிறந்தது, ஆனால் 0.5 மி.மீ.க்கு மேல் விரித்தால் அச்சுக் கூடு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகக்கூடும். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை இடது, வலது என்று தனித்தனியே கட்டி வைக்க மறவாதீர்கள்.

கிரவுன் வீல் போல்ட்டுகள் அசையவில்லை. நெருப்புக் காட்டலாமா?

முதலில், அவற்றைக் கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஸ்டார் பினியன்களைத் தாங்கும் குறுக்குக் கம்பி கிரவுன் வீலில் இடிக்காமல் வெளியே வருமானால், போல்ட்டுகளைத் தொடவே தேவையில்லை.

கழற்றியே ஆகவேண்டுமென்றால், பெரும்பாலும் அவற்றைப் பிடித்திருப்பது மரைப் பசை. வலுவான வகைப் பசை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில்தான் இளகும். கிரவுன் வீலின் பற்களோ மேற்பரப்பு மட்டும் கெட்டிப்படுத்தப்பட்டவை. அந்த அளவு வெப்பம் பல்லை எட்டினால் கெட்டித்தன்மை குறைந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் உதிரும். ஆகவே கேஸ் வெல்டிங் தீயைக் கிட்டே கொண்டு வராதீர்கள். ஆறு முனையுள்ள சாக்கெட்டும், ஒரு மீட்டர் நீளக் கம்பியும், சீரான விசையுமே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் மின்சார வெப்பக் காற்றுத் துப்பாக்கியைப் போல்ட்டின் தலையில் மட்டும் சிறிது நேரம் காட்டலாம். சில வகை அச்சுகளில் இந்தப் போல்ட்டுகளும் இடது மரை கொண்டவை. தலையில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

குறுக்குக் கம்பியைப் பூட்டும் பின் வரவில்லை.

இது மிகச் சிறியது; மிகுந்த தொல்லை தருவதும் இதுவே. சுருள் தகட்டாலான ரோல் பின்னாக இருந்தால், அதன் விட்டத்துக்குச் சற்றே குறைந்த, முனை தட்டையான நேரான பஞ்ச் வேண்டும். ஆணியை வைத்து அடித்தால், ஆணி வளைந்து பின்னின் குழிக்குள் ஆப்பாக இறங்கிவிடும். இரு பக்கமும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, கூட்டைக் கனமான இரும்பின் மேல் அசையாமல் கிடத்தி, சிறு அடிகள் பலவற்றைவிட ஓரிரண்டு திடமான அடிகள் கொடுப்பதே பயன் தரும். பஞ்ச் உள்ளேயே முறிந்துவிட்டால் துளையிட முயலாதீர்கள். கெட்டிப்படுத்திய பஞ்சை டிரில் தொடாது. கோவையில் டை, மோல்டு செய்யும் டூல் ரூம்களில் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் எந்திரம் உண்டு. அங்கே கொடுத்தால் சேதமின்றி எடுத்துத் தருவார்கள்.

போல்ட் முறிந்தே விட்டது. இனி?

முறிந்த போல்ட் மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளே பற்றவைத்து, செந்நிறம் போனதும் இருபுறமும் அசைத்துத் திருப்புங்கள். பற்றவைப்பின் வெப்பமே துருவின் பிடியை உடைத்துவிடுவதால் வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக வரும். பற்றவைக்கும் முன் பேட்டரியின் இணைப்பை எடுங்கள். எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் உறுப்பிலேயே மாட்டுங்கள். தொலைவில் மாட்டினால் மின்சாரம் பேரிங்கின் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். உள்ளே முறிந்திருந்தால் இடது பக்கம் சுழலும் டிரில்லால் நடுவில் துளையிடலாம். பல வேளைகளில் துளையிடும்போதே போல்ட் கழன்று வரும். துளையில் அடித்துத் திருகும் எடுப்பான்களை நான் விரும்புவதில்லை. அவை முறிந்தால் முன்னே சொன்ன டூல் ரூமுக்குத்தான் செல்ல வேண்டும்.

வெப்பத்தைப் பொதுவாக எங்கே பயன்படுத்தலாம்?

வெளியே இருக்கும் உறுப்பைச் சூடேற்ற வேண்டும். உள்ளே இருப்பதை அல்ல. 40 மி.மீ. துளையுள்ள எஃகு வளையத்தின் வெப்பத்தை 150 டிகிரி கூட்டினால் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், நெருக்கப் பொருத்தங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் அடங்கும். மீண்டும் பயன்படுத்தப்போகும் பேரிங்கை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. எண்ணெய் சீல், பிரேக் ஹோஸ், பெட்ரோல் தொட்டி ஆகியவற்றின் அருகே தீ கூடவே கூடாது. பல வண்டிகளில் தொட்டி பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூடேறிய அச்சு உறுப்பின் மேல் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும்?

ஒரே முறையை மூன்றாம் தடவை, கூடுதல் விசையோடு மட்டும் செய்கிறீர்கள் என்றால் அதுவே அந்தக் கட்டம். தண்டையோ கூட்டையோ தனியே எடுத்துச் செல்ல முடிகிற நிலையில் நிறுத்துவது நல்லது. வண்டியையே இழுத்துச் செல்லும் செலவு மிச்சமாகும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளும் நிறைய இருப்பதால், பெரிய பிரஸ் வைத்திருக்கும் பட்டறைகள் அங்கே குறைவில்லை. லாரி அச்சைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஜிப்ஸியின் பேரிங் விளையாட்டுப் பொருள்தான். ஆயினும் எது மீண்டும் பயன்பட வேண்டியது, எது வீசப்பட வேண்டியது என்று நீங்களே சொல்லிவிட்டு வர வேண்டும்.

அடுத்த முறை இவ்வளவு பாடு படாமல் இருக்கத் திரும்பப் பூட்டும்போது என்ன செய்யலாம்?

டிரம்மும் அச்சின் தட்டும் தொடும் வளையத்தில் செம்புத் தூள் கலந்த கிரீஸை மிக மெல்லிதாகப் பூசுங்கள். சக்கர ஸ்டட்டுகளின் மரையைச் சுத்தம் செய்தால் போதும். எண்ணெயிட்டால் அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஜீப்பின் கூம்பை மட்டும் பஞ்சால் துடைத்து உலர்ந்த நிலையில் பொருத்த வேண்டும். ஆசையாகக் கிரீஸ் தடவினால் ஹப் தேவைக்கு மேல் ஏறிப் பிளந்துபோகும். அந்த அச்சில் ஷிம்களை வைத்த பின், தண்டின் உள்-வெளி ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஆறு பங்குக்குள், அதாவது சுமார் 0.03 முதல் 0.15 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று டயல் கேஜால் பாருங்கள். காற்றுப் போக்கியைக் கழுவி, ஒரு ரப்பர் குழாயால் அதைப் பின் விளக்கின் உயரத்துக்கு ஏற்றிவிட்டால், வாய்க்காலும் காட்டாறும் இனி அச்சுக்குள் நுழையா.

லாக்கரின் உட்பகுதிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, உடன் வந்த தாளில் சொன்ன அளவோடு ஒப்பிடாமல் மூடியைப் பூட்டாதீர்கள். ஜிஎல்-5 தரமுள்ள கியர் எண்ணெயை ஊற்றி, இரு பின் சக்கரங்களும் தரையைத் தொடாத நிலையில் கியரைப் போட்டு இஞ்சினை நிறுத்தி வையுங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் ஒரு பக்கமாகச் சற்றே திருப்பிப் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பினால், அது டக் டக்கென்ற ஓசையோடு விடுபட்டுச் சுழல வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயை வடித்து, அதில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பசை வந்தால் இயல்பானது, விரலில் குத்தும் துணுக்கு வந்தால் மூடியை மீண்டும் திறக்க வேண்டும்.